குடையில் விழுந்த வண்டு

பொறிவண்டு என்றதும் எல்லோருக்கும் சிவப்புச் சட்டையில் கறுப்புப் பொட்டு வைத்த ஒரு பூச்சிதான் ஞாபகத்துக்கு வரும். பூச்சிகளை ஆராய்வதால் எல்லோரும் பூச்சியக்கா என்று கூப்பிடும் அவளிடம் வேலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் அதுதான் வரும். "அட, அந்த அழகான வண்டா? அதைப் பாக்கறதுக்குச் சம்பளம் வேற தராங்களா?" என்று சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரித்து வைப்பாள். அவள் பார்த்த பொறிவண்டுகளில் முக்கால்வாசிக்குப் பொட்டும் கிடையாது, சிவப்பும் கிடையாது. கடுகில் பாதி இருந்தால் பெரிய விஷயம். மேலெல்லாம் மயிர் முளைத்து, சட்டைப் பையின் அடியில் சேரும் அழுக்கு மாதிரி இருக்கும். இதையெல்லாம் விளக்கப் போனால் கேட்டவருக்குக் கொட்டாவி வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்றில், மண் சோதிக்கும் அறையையும் கால் உடைந்த நாற்காலிகள் குவித்த வராந்தாவையும் தாண்டிக் கோடியில் இருந்தது பூச்சி அறை. சுவரெல்லாம் மர அலமாரி. அலமாரிக்குள் கண்ணாடி மூடிய தட்டுகள். தட்டுக்குள் ஊசியில் ஏறி நிற்கும் பூச்சிகள், மூலைக்கு மூலை அந்துருண்டை. அந்த வாடை அவள் துணியில் ஏறி, தலைமுடியில் ஏறி, வீடு வரைக்கும் வந்துவிடும். "உன் பக்கத்துல படுத்தா பீரோவுக்குள்ள படுத்த மாதிரியே இருக்கு," என்பார் அவள் கணவர். நிலையத்தின் வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் அவர். மனைவியின் வேலையைக் கிண்டல் செய்வதைத் தனக்குக் கிடைத்த உரிமையாகவே வைத்திருந்தார்.

தோட்டக்காரர்கள் பாட்டிலில் போட்டு அனுப்பும் பூச்சி நல்லதா கெட்டதா என்று சொல்வதுதான் அவளுடைய பிரதான வேலை. மரத்தின் சாற்றை உறிஞ்சிக் கிளையையே காயவைக்கும் செதில் பூச்சி கெட்டது. அதைத் தின்கிற பொறிவண்டு நல்லது. இந்த நல்லதுகளில் எத்தனை வகை உண்டு என்று உலகத்தில் யாரும் இன்னும் எண்ணி முடிக்கவில்லை. இதுவரை யாரும் எழுதாத ஒரு வகை கையில் கிடைத்தால், அதன் அங்க லட்சணத்தை எழுதி, படம் வரைந்து, அதற்கொரு பெயரும் வைத்து அச்சில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் அது இருப்பதாக மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்கள். மரத்தில் அது பாட்டுக்குப் பல்லாயிரம் வருஷம் இருந்ததெல்லாம் கணக்கில் வராது.

அதிலும் ஒரு சிக்கல். இந்தக் கறுப்புப் பொடிசுகளெல்லாம் மேல்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். எது புதுசு, எது பழசு என்பதை ஆண் வண்டின் வயிற்றுக்குள் இருக்கும் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு வயிற்றைத் தனியே கழற்றி, காஸ்டிக் கரைசலில் ஊறவைத்து, சதையெல்லாம் கரைந்த பிறகு மிச்சமிருக்கும் ஓட்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பெண் வண்டுகளை ஒரு டப்பா நிறைய வைத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. ஓர் ஆண் வேண்டும்.

இதை ஒருநாள், அவளுக்காக மரம் ஏறும் அணிலிடம் விளக்கியபோது அவன் மரத்தடியிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டான். "ஏன்க்கா, ஊர்ல எல்லாரும் மூஞ்சியப் பாத்து ஆளச் சொல்வாங்க. நீங்க மட்டும் எங்கெங்கயோ பாத்துச் சொல்றீங்க!"

"வாய மூடிக்கிட்டு மரத்துல ஏறு," என்றாள் அவள். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அணில் என்பது அவனுக்கு ஊர் வைத்த பெயர். மின்சாரக் கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுவதுதான் அவனுக்குத் தொழில். நிலையம் தேவைப்படும்போது அவனைத் தினக்கூலிக்குக் கூப்பிடும். உயரமான மரத்தின் உச்சிக் கிளைகளில்தான் செதில் பூச்சி அதிகம். அங்கே ஆள் ஏறி, கிளையைக் குச்சியால் தட்ட வேண்டும். கீழே இவள் வெள்ளைத் துணிக் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்தபடி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பாள். இலைத் தூசியோடு வண்டுகளும் குடையில் பொலபொலவென்று விழும். விழுந்ததும் பறக்கப் பார்க்கும். அதற்குள் குழாயில் வாய் வைத்து உறிஞ்சிப் புட்டிக்குள் சேர்த்துவிட வேண்டும். முடியாவிட்டால் குடையைச் சட்டென்று மடக்கிவிட வேண்டும். என்ன நடந்தாலும் முதலில் குடையை மடக்கு என்பதுதான் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் படிக்கிற முதல் பாடம். மழை வந்தாலும், தேனீ துரத்தினாலும், குடை மடங்கிய பிறகுதான் ஓட்டம்.

நிலையத்தின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற பெரிய மரத்தில்தான் அந்தக் கறுப்பு வண்டு முதலில் கிடைத்தது. முதுகில் மயிர் இரண்டு சுழியாகச் சுழன்றிருந்தது. இந்தச் சுழியை அவள் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். "என்ன, பதவி உயர்வா?" என்று கேட்டார் கணவர். "அதை விடப் பெருசு," என்றாள். அவர் நம்பவில்லை.

ஆனால் கிடைத்ததெல்லாம் பெண். இந்த வகையில் ஆணின் முகம் மட்டும் வெளிறிய மஞ்சளாக இருக்கும் என்று அவளுக்கு ஓர் ஊகம் இருந்தது. வாரக்கணக்கில் அணில் ஏறினான், தட்டினான், இறங்கினான். அவள் லென்ஸை வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் கறுப்பு. பூக்கள் உதிர்ந்து, வண்டுகளின் வரத்தும் குறைய ஆரம்பித்திருந்தது. இந்தப் பருவத்தை விட்டால் அடுத்த வருஷம்தான்.

கடைசியாக ஏறிய நாளும் மற்ற நாள்களைப் போலத்தான் இருந்தது. அணில் இறங்கி, இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டான். தண்ணீர் குடித்தான். அவள் புட்டியைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆண் இல்லையே அணில்," என்றாள். சொன்ன குரலில் கெஞ்சல் இருந்தது.

"அந்த வடக்குப் பக்கத்துக் கிளை ஒண்ணு பாக்கி இருக்குக்கா. ஏறட்டுமா?"

"ஒரே ஒரு கிளை. அதோட முடிச்சிக்கலாம்."

கயிறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அவள் நாக்கு வரை வந்ததா இல்லையா என்று பின்னால் அவளுக்கே நிச்சயமில்லை. அவனும் சுருட்டிய கயிற்றை ஒருமுறை பார்த்தான், பிறகு அப்படியே ஏறினான். ஒரு கிளைதானே என்று இருவருமே நினைத்தார்கள். மேலே குச்சிச் சத்தம் கேட்டது. குடையில் தூசி விழுந்தது, இலை விழுந்தது, கறுப்பாக ஒரு புள்ளி விழுந்து நகர்ந்தது. குனிந்து பார்த்தாள். மஞ்சள் முகம். "கிடைச்சிடுச்சு!" என்று கத்தியபடி அவள் நிமிர்ந்தபோது மேலே கிளை முறிந்தது.

விழுந்த சத்தத்தை அவள் யாரிடமும் விவரித்ததில்லை. நானும் விவரிக்கப் போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை. அவள் அவனிடம் ஓடினாள். ஓடுவதற்கு முன் குடையை மடக்கினாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்தது. பழக்கம் என்று எவ்வளவு சப்பைக்கட்டு கட்டினாலும், மடக்கியது மடக்கியதுதான். அவன் மூச்சு நிற்கிற நேரத்தில் அவள் கை ஒரு வண்டைப் பத்திரப்படுத்தியது.

விசாரணைக்கு வந்தவர்கள், கயிறு கட்டாமல் ஏறியது தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஏறச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவளும் பதில் சொல்லவில்லை. அது அவளைத் தூங்கவிடவில்லை, சாப்பிடவிடவில்லை. கணவரிடம் மட்டும் சொன்னாள். கிண்டலே வாழ்க்கையாக இருந்த மனிதர் அன்று அவள் தட்டை எடுத்துக் கழுவி வைத்தார்.

குடையை அவள் பிரிக்கவே மாட்டேன் என்றுதான் இருந்தாள். துறைத் தலைவர்தான் பிரிக்க வைத்தார். முன்தலை வழுக்கை, எப்போதும் காதில் பென்சில், மனசு கெட்டவர் இல்லை. "இப்ப நீ இதைத் தூக்கிக் கடாசினா அவன் சும்மா விழுந்த மாதிரி ஆயிடும். எழுதும்மா," என்றார். துணி மடிப்புக்குள் காய்ந்து போய், கால்களை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது அந்த ஆண். வயிற்றைக் கழற்றி ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். உறுப்பின் குழாய், நுனியில் தூண்டில் முள்ளாக வளைந்து, அதன் முனையில் இழை போல ஒரு நீட்சி. உலகத்தில் எழுதப்பட்ட எந்த வண்டுக்கும் அப்படி இல்லை. புதுசுதான்.

எழுதி முடிக்க மாதங்கள் ஆயின. முதுகின் சுழி, காலின் கணு, உணர்கொம்பின் துண்டுகள் என்று ஒவ்வொன்றாக அளந்தாள், வரைந்தாள். அந்த ஆணுக்குச் சிவப்புச் சீட்டு குத்தினாள். சிவப்புச் சீட்டு என்றால், இனி அந்தப் பெயருக்கு உலகத்தில் அதுவே ஒரே சாட்சி என்று அர்த்தம். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாம் அதன் அடியில் பொடி எழுத்தில் வந்தன. வகைக்குப் பெயர் வைக்கும் இடம் வந்ததும் அவள் யோசிக்கவே இல்லை. அணிலின் பெயரை வைத்தாள். அணில் என்பதை அல்ல, அது கிண்டல் போல ஆகிவிடுமே. நிலையத்தின் கூலிப் பதிவில் இருந்த அவனுடைய நிஜப் பெயரை எடுத்து, வழக்கப்படி அதன் பின்னால் லத்தீன் மொழியின் அந்நிய வாலை ஒட்டினாள்.

"நல்ல காரியம்தான்," என்றார் கணவர், கடையில் அந்தக் கட்டுரையைப் பிரதி எடுத்துக்கொண்டே. "அவன் சம்சாரத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"இதெல்லாம் கேட்டு வைக்கிறதில்லைங்க. அச்சானதுக்கு அப்புறம் கொண்டுபோய்க் காட்டணும். அதுதான் மரியாதை."

அந்தத் துறையில் அதுதான் வழக்கம். பெயர் வைப்பதைவிடப் பெரிய கௌரவம் அவர்களிடம் கிடையாது. பணக்காரர்கள்கூட அதற்கு ஏங்குவார்கள். தனக்குத் தெரிந்த மிகப் பெரிய பரிசை எடுத்துக்கொண்டு போகிறோம் என்றுதான் பூச்சியக்கா நினைத்தாள். வண்டின் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, கீழே பெயரையும் எழுதி வாங்கினாள்.

அணிலின் மனைவி ஒரு தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். வீடு அதன் பின்சந்தில், ஒரே அறை. விரிப்புகளை வீட்டுக்கும் கொண்டுவந்து மடிப்பாள் போலிருக்கிறது. கட்டில் முழுக்க வெள்ளையாக அடுக்கிக் கிடந்தது. உட்காரச் சொல்லி, ஒரு அடுக்கை நகர்த்தி இடம் விட்டாள். தண்ணீர் கொடுத்தாள். படத்தை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"எருமை மாதிரி இருக்கே," என்றாள்.

"பெருசாக்கின படம்மா. நிஜத்துல கடுகுல பாதிகூட இருக்காது."

"அன்னைக்குப் புடிச்சதா?"

"ஆமா."

"அவர் கீழ கிடக்கும்போது இது எங்க இருந்துச்சு?"

பூச்சியக்கா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "குடைக்குள்ள," என்றாள்.

அந்தப் பெண் விரலால் கண்ணாடியின் அடியில் இருந்த எழுத்தைத் தடவினாள். "இது என்ன எழுதியிருக்கு? எனக்கு இந்த எழுத்து படிக்க வராது."

இதற்காகத்தானே வந்தாள். பூச்சியக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தப் பெயரை வாலோடு சேர்த்து, வகுப்பில் வாசிப்பது போல வாசித்தாள்.

அணிலின் மனைவிக்கு முகம் மாறிப் போனது. சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தவளுக்கு அது என்ன முகம் என்றே முதலில் பிடிபடவில்லை.

"இந்தப் பேரு உங்களுக்கு யார் சொன்னா?"

"ஆபீஸ் பதிவுல இருந்துச்சும்மா."

"அவரை யாரும் இப்படிக் கூப்பிட மாட்டாங்க. கூடப் பொறந்தவங்கள்ல இருந்து எல்லாருக்கும் அணில்தான். இது நான் மட்டும் கூப்பிட்டது." குரல் உயரவில்லை. "வேற எல்லாம் ஊரோடது. மரம் ஊரோடது, உசுரு உங்க ஆபீஸோட போச்சு. இது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு. இதையும் எடுத்து, பின்னாடி ஒரு வாலும் ஒட்டி, அவரைக் கொன்ன பூச்சிக்கு வெச்சிட்டீங்களா?"

"கௌரவமா இருக்கட்டும்னு..."

"அழிச்சிடுங்க."

"அம்மா, இது உலகம் பூரா போயிடுச்சு..."

"நீங்கதானே வெச்சீங்க? நீங்களே அழிச்சிடுங்க." படத்தைத் திருப்பி, முகம் கீழே இருக்கும்படி பூச்சியக்காவின் மடியில் வைத்தாள். "வேற எதுவும் உங்ககிட்ட நான் கேக்கல மேடம். இதை மட்டும் பண்ணிக் குடுங்க."

"பண்றேன்," என்று சொல்லிவிட்டு வந்தாள் பூச்சியக்கா. எப்படி என்று தெரியாமலேயே சொன்னாள். அந்த வாக்குதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

பூச்சிக்காரர்களின் சட்டம் கல்லில் செதுக்கியது போன்றது. அச்சில் ஏறிய பெயரைப் பெயர் வைத்தவரே தலைகீழாக நின்றாலும் திரும்பப் பெற முடியாது. மனம் மாறினாலும், வெட்கப்பட்டாலும், பெயர் பெயர்தான். இருந்தாலும் கட்டுரையை அச்சிட்ட பத்திரிகைக்கு எழுதிப் பார்த்தாள். தங்கள் உணர்வு புரிகிறது, விதி இடம் கொடுக்கவில்லை என்று மரியாதையாகக் கையை விரித்துவிட்டார்கள். ஒரே ஒரு வழிதான் உண்டு. அதே வண்டுக்கு முன்பே யாராவது ஒரு பெயர் வைத்திருந்தால், பழைய பெயர் நிற்கும், புதிய பெயர் செல்லாது.

அன்றிலிருந்து பூச்சியக்கா தன் வண்டுக்கே எதிரியானாள். தான் கண்டுபிடித்தது புதுசே இல்லை என்று நிரூபிக்கப் பழைய குறிப்புகளைத் தோண்ட ஆரம்பித்தாள். மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து, மங்கிய பக்கங்களில் சிறிய கறுப்பு வண்டு ஒவ்வொன்றையும் துரத்தினாள். துறைத் தலைவர் காதுப் பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

"நான் இத்தனை வருஷம் பாத்ததுல, தன்னோட வண்டையே தான் காலி பண்ணத் துடிக்கிற ஆளு நீ ஒருத்திதான். மத்தவன் செஞ்சா சண்டைக்குப் போவாங்கம்மா."

"அது பழசா இருந்தா நல்லதுன்னு நினைக்கிறேன் சார்."

"பழசா இருந்தா அவன் எதுக்கு விழுந்தான்னு ஆயிடும். அதை யோசிச்சியா?"

யோசிக்காமல் இருப்பாளா? அதுதான் அவளை இரண்டு பக்கமும் இழுத்தது. வண்டு புதுசாக இருந்தால் அந்தப் பெண்ணிடம் மட்டும் இருந்த பெயர் போனது போனதுதான். பழசாக இருந்தால், ஏற்கெனவே எவரோ எப்போதோ எழுதி வைத்துவிட்ட ஒரு பூச்சிக்காக ஒரு மனிதன் மரத்திலிருந்து விழுந்தான். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தும் அவள் பழசாக இருக்க வேண்டும் என்றே ஆசைப்பட்டாள். உயிரோடு இருப்பவளுக்குத்தானே வாக்குக் கொடுத்திருந்தாள்.

தேடியதில் ஒன்று அகப்பட்டது. ரொம்பப் பழைய விவரிப்பு, நாலே வரி: கறுப்பு, மிகச் சிறியது, மயிர் அடர்ந்தது, வெப்ப நாட்டில் பிடித்தது. படம் இல்லை. முதுகுச் சுழியைப் பற்றி ஒரு வார்த்தை இருந்தது. அதைப் படித்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வண்டு கடல் கடந்த ஓர் அருங்காட்சியகத்தில், யாரும் திறந்து பாராமல் கிடந்தது. எழுதிக் கேட்டு, கெஞ்சி, பொறுப்பேற்று, கடனாக வரவழைத்தாள். பஞ்சு அடைத்த பெட்டிக்குள் பெட்டியாக வந்து சேர்ந்தது அது. லென்ஸில் பார்த்தாள். அதே கறுப்பு, அதே சுழி, முகம் மஞ்சள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கணவருக்குப் போன் பண்ணி, "கிடைச்சிடுச்சு போலிருக்குங்க," என்றாள். மரத்தடியில் கத்திய அதே வார்த்தை வாயில் வந்துவிட்டதைப் பேசி முடித்த பிறகுதான் உணர்ந்தாள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அவளால் கருவிகளைத் தொட முடியவில்லை.

மறுநாள் காலையில் அதன் வயிற்றைக் கழற்றி காஸ்டிக்கில் போட்டாள். பழைய ஓடு, முரட்டுத்தனம் பண்ணினால் தூளாகிவிடும். இளக விட்டு, கழுவி, கிளிசரின் சொட்டில் வைத்து, ஊசி முனையால் மெல்லத் திருப்பினாள். குழாய் தெரிந்தது. நுனி தெரிந்தது.

நேராக இருந்தது. முள்ளும் இல்லை, இழையும் இல்லை.

உடைந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். உடையவில்லை. தன்னுடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், வெளிச்சத்தை மாற்றினாள், கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தாள். அது வேறு, இது வேறு. அணிலின் வண்டு புதுசுதான். உலகத்தில் அதைப் போல இன்னொன்று எழுதப்படவில்லை. வேறு எந்த நாளிலும் இந்த உறுதிக்காக அவள் ஊரைக் கூட்டி இனிப்பு கொடுத்திருப்பாள்.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். 'இரண்டு வண்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டும் ஒரே வகை எனத் தெரிகிறது. ஆகவே நான் வைத்த பெயர் செல்லாது.' இவ்வளவுதான் எழுத வேண்டும். யார் சரிபார்க்கப் போகிறார்கள்? கடுகில் பாதி இருக்கும் ஒரு பூச்சிக்காக இன்னொருவர் கடல் தாண்டி வந்து நுனியைப் பார்க்கவா போகிறார்? எழுதினாள். படித்தாள். பொய் எழுதுவது இத்தனை சுலபமா என்று அவளுக்கே பயமாக இருந்தது.

சாயங்காலம் கடையை அடைக்கும் நேரத்தில் கணவரிடம் சொன்னாள். அவர் காகிதக் கட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"செல்லாதுன்னு நீ எழுதிட்டா, பேரு அழிஞ்சிடுமா?"

"அழியாது. செல்லாத பேருன்னு போட்டு, பட்டியல்ல அதுவும் நிக்கும். எப்பவும் நிக்கும்."

"அப்ப பொய்யும் சொல்லி, பேரும் நிக்கும். கூடவே செல்லாதவன்னு ஒரு முத்திரையும் அவன் மேல விழும்." அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "அவன் ஆயுசுல பண்ண கடைசி வேலை அது. சரியாத்தானே பண்ணான்? நீ தேடுனதைப் புடிச்சுக் குடுத்தானே?"

அவள் அங்கேயே, மெஷினைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைக்கு வந்த யாரோ ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மறுநாள் அந்த இரண்டு வரிகளையும் அழித்தாள். பழைய வண்டைப் பஞ்சில் பொதிந்து, வந்த வழியே அனுப்பினாள்.

மிச்சமிருந்தது ஒரே வேலை. முடியவில்லை என்று போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு அவள் நாள் கடத்தினாள். அந்தச் சந்து வரை போய்த் திரும்பியதும் உண்டு. கடைசியில் ஒரு விடுமுறை நாளில், வாயில் பூசி மெழுகும் வார்த்தை எதுவும் இல்லாமல் போய் நின்றாள்.

அணிலின் மனைவி வாசலில் உட்கார்ந்து தலையணை உறைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. உள்ளே கூப்பிடவும் இல்லை.

"முடியலம்மா," என்றாள் பூச்சியக்கா. "எல்லா வழியும் பாத்தேன். ஒரு பொய் எழுதிக்கூடப் பாத்தேன். அப்பவும் பேரு போகாது. அன்னைக்கு அவரை அந்தக் கிளைக்கு ஏறச் சொன்னதும் நான்தான். ஒரே ஒரு கிளைன்னேன். கயித்தைக் கட்டுன்னு சொல்லல. விழுந்தப்போ அந்த வண்டு தப்பிச்சிடக் கூடாதுன்னு குடையை மடக்கிட்டுத்தான் அவர்கிட்ட ஓடுனேன். பேர் எழுதுற இடத்துல இதெல்லாம் எழுத முடியாது. அதான் நேர்ல வந்தேன்."

ஊசி நின்றது. தெருவில் ஒரு சைக்கிள் போனது. திட்டுவாள் என்று பூச்சியக்கா காத்திருந்தாள். திட்ட வேண்டும் என்று விரும்பினாள். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள்.

"தெரியும்," என்றாள் அணிலின் மனைவி. "ஒரு கிளைன்னு யாராவது சொல்லாம அவர் கயிறு இல்லாம ஏற மாட்டாரு."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அலையாதீங்க இனிமே. விட்டுடுங்க."

"எப்படிம்மா விடுறது? உங்களுக்குச் சொன்னேனே..."

"எனக்கு அது வேணாம் மேடம். முடிஞ்சு போச்சு." அடுத்த உறையை எடுத்தாள். "கல்யாணமான புதுசுல ஒரு நாள் கோவத்துல அவரை அணில்னு கூப்பிட்டுட்டேன். ரெண்டு நாள் பேசல மனுஷன். ஊருக்குத்தான் நான் அணிலு, உனக்குமான்னு கேட்டாரு. அப்புறம் நான் கூப்பிட்டதே இல்ல. நீங்க அந்தப் பேரை வாசிச்சுட்டுப் போனீங்கல்ல, அதுக்கப்புறம் நான் எப்பச் சொன்னாலும் அந்த வாலும் சேந்துதான் காதுல விழுது. எவ்வளவோ சொல்லிச் சொல்லிப் பாத்தேன், போகல."

ஊசியின் காதில் நூல் ஏறவில்லை. ஈரம் பண்ணி மறுபடி கோத்தாள்.

"இப்ப நானும் அணில்னுதான் கூப்பிடுறேன்," என்றாள்.